ரத்தவகையும் ரத்த உறைவும்: எவ்வளவு நம்பலாம்?

பள்ளி அடையாள அட்டையில் தொடங்கி ஓட்டுநர் உரிமம்வரை நம் பெயரோடு கூடவே வருகிறது ரத்தவகை. அதை வைத்து வரப்போகும் நோயைச் சொல்லிவிடலாம் என்ற பேச்சும் கூடவே வருகிறது. அதில் பெரும்பகுதி வெறும் பேச்சு; ரத்தவகைக்கேற்ற உணவு என்று விற்கப்படும் முறைக்கு ஆதாரமே இல்லை. ஆனால் ஒன்றை அப்படி ஒதுக்க முடியாது. ஓ வகையினரைவிட ஏ, பி, ஏபி வகையினருக்குச் சிரைகளில் ரத்தம் கட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல்.

கருத்தடை மாத்திரை சாப்பிட்டு ரத்தக்கட்டி வந்த பெண்களில் ஓ வகையினர் குறைவு என்று 1969-லேயே 'லான்செட்' இதழில் கட்டுரை வந்தது. 2016-இல் சுவீடன், டென்மார்க் நாடுகளின் சுமார் 11 லட்சம் ரத்தக் கொடையாளர்களை ஆராய்ந்தபோது, காலின் ஆழ்சிரைக் கட்டி ஓ அல்லாதவர்களுக்கு 1.92 மடங்கு இருந்தது. கர்ப்பத்தையொட்டி வரும் கட்டி 2.22 மடங்கு. கொடையாளர்கள் பொதுவாகவே ஆரோக்கியமானவர்கள் ஆயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒப்பிடப்பட்ட இரு தரப்பும் கொடையாளர்களே என்பதால் அந்த வேறுபாடு நிற்கிறது.

காரணமும் தெளிவாகவே தெரிகிறது. ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்டு புரதத்தின் மேலும் ரத்தவகையைத் தீர்மானிக்கும் சர்க்கரைகள் ஒட்டியிருக்கின்றன. ஓ வகையில் கடைசிச் சர்க்கரை இல்லை. அதனால் புரதம் சீக்கிரம் ரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. 1987-இல் அளந்த அந்தப் புரதத்தின் சராசரி அளவு ஓ வகையில் 75 அலகு, ஏபி வகையில் 123 அலகு. இதைத் தற்செயல் என்று தள்ள வழியில்லை.

சரி, இரண்டு மடங்கு என்றால் எதில் இரண்டு மடங்கு? மேலை நாடுகளில் ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கே இந்த நோய் வருகிறது. ஓ அல்லாதவர்களைத் தனியே எடுத்தாலும் கணக்கு ஆயிரத்துக்கு இரண்டு பேரைச் சுற்றியே நிற்கும். புற்றுநோய், இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை, நாள்கணக்கில் படுக்கை ஆகியவை இதைவிடப் பன்மடங்கு கனமானவை. இன்னொரு பக்கம், ஓ வகையினருக்கு இயல்பாகவே குறையும் அந்தப் புரத அளவைப் பார்த்து, ரத்தக்கசிவு வரலாறே இல்லாதவரை நோயாளி என்று முத்திரை குத்துவதும் தவறு.

என் தீர்ப்பு இதுதான்: தொடர்பு உண்மை, காரணம் உண்மை, ஆனால் தனி மனிதரின் விதியைக் கணிக்க அது போதாது. அறுவை சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ பிறகு ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, ஓ பாசிட்டிவ்தானே என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள்.