மூக்கையும் மூடும் கண்ணாடி

இராமநாதபுர மாவட்டத்தில், மன்னார் வளைகுடாவின் பாறைகளிடையே மூச்சை அடக்கி மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கும் பெண்களின் கருவிகள் ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும்: கண்ணாடி, விரல்களில் சுற்றும் துணிக்கீற்று, ரப்பர் செருப்பு, வலைப்பை. அகர் எனும் கூழ்ப்பொருளைத் தரும் மரிக்கொழுந்துப் பாசி சொரசொரப்பான பாறையை இறுகப் பற்றி வளர்வதால், நனைந்து தோலோடு ஒட்டி, விரல்நுனியின் உணர்வை முற்றும் மறைக்காமல் காக்கும் அந்தப் பழந்துணி எளிய பொருளாயினும் நுட்பமான தேர்வாகும்.

மூச்சடக்கி மூழ்கவோ நீருக்கடியில் ஈட்டியால் மீன்பிடிக்கவோ புதிதாகப் பழகுபவருக்கு, கடையில் முதலில் கண்ணைப் பறிப்பவை நீண்ட துடுப்புகளே எனினும், பொறுமையோடு தேர வேண்டியது கண்ணாடிதான். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சிழுக்கும்போது, அதன் சிலிக்கோன் விளிம்பு கன்னத்திலும் மேலுதட்டிலும் பூப்போலப் படிந்து, கையை எடுத்த பின்னும் விழாமல் நின்றால், அது அந்த முகத்துக்கு உரியது. 10 மீட்டர் ஆழத்தில் உடல்மீதான அழுத்தம் ஏறத்தாழ இருமடங்காகிக் கண்ணாடியை முகத்தோடு நெருக்கும். மூக்கையும் மூடும் கண்ணாடியில் மூக்கு வழியே சிறிது மூச்சை உள்ளே விட்டு அந்த அழுத்தத்தைச் சமன்செய்யலாம், கண்களை மட்டும் மூடும் நீச்சல் கண்ணாடியிலோ அதற்கு வழியில்லை. நன்கு பொருந்திய கண்ணாடியின் வழியே பாறையும் பாசியும் உள்ளதைவிடப் பெரிதாக, அண்மையில் தெரிய, காதில் பாறையிடுக்கு இறால்கள் எழுப்பும் நெறுநெறுப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.