ஒரு சொதிக்கு ஒரு முழுத் தேங்காய்

"சிலோன்காரங்களுக்குச் சிக்கனம்னா என்னன்னே தெரியாதுங்க. வெளிநாட்டுக் காசு வருது, தேங்காயை வாரி இறைக்கிறாங்க."

திருச்சியில் என் தம்பி குடியிருக்கும் அடுக்குமாடியில் எதிர்வீட்டு அம்மா சொன்னது இது. காலை இடியப்பத்துக்குச் சொதி வைக்க நான் ஒரு முழுத் தேங்காயைத் திருவிக்கொண்டிருந்தேன். அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் யாழ்ப்பாணத்தாரைக் கஞ்சர் என்று கொழும்பில் சொல்வார்கள், மட்டக்களப்பில் சொல்வார்கள், அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். ஊதாரி என்ற பெயர் அன்றைக்குத்தான் கிடைத்தது. அந்த இடத்தில் சிரித்துச் சமாளித்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தேங்காயையே எடுப்போம். எங்கள் வீட்டில் காலையில் ஒரு தேங்காய் உடைத்தால் அது அன்றைய மூன்று வேளைக்கும் உரியது. தண்ணீரை எடுத்து வைத்தால் அப்பத்துக்கு மா கரைக்க உதவும். ஒரு பாதியின் முதற்பால் சொதிக்கு. அடுத்துப் பிழியும் கப்பிப்பாலில் மரக்கறி அவியும். மற்றப் பாதி பிட்டுக்கும் சம்பலுக்கும். பிழிந்த பூ கோழிக்குப் போகும். நல்ல சிரட்டையில் அகப்பை செய்வார்கள், உடைந்ததைக் கரியாக்கி ஸ்திரிக்கைப் பெட்டிக்குப் போடுவார்கள். பொச்சைச் சாம்பலில் தோய்த்துச் சட்டி பானை துலக்குவோம். ஓலை கிடுகாகும், ஈர்க்கு விளக்குமாறாகும். வேலியில் நின்று உக்கிய கிடுகுகூட வீண்போகாது, தோட்டத்தில் பசளையாகத் தாழ்த்துவார்கள். 2025 தொடக்கத்தில் இலங்கையில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது சொதியைத் தண்ணீராக்கினோம், சம்பலில் வெங்காயத்தைக் கூட்டினோம். ஆனால் சொதியை விடவில்லை.

திருச்சி வீட்டில் தேங்காய் மட்டை உரித்துக் குடுமியோடு கடையிலிருந்து வருகிறது. ஒரு மூடியை அரைத்தால் அந்த வீட்டுக்கு இரண்டு நாள் சட்னி. பொட்டுக்கடலை சேர்த்து அளவைக் கூட்டிக்கொள்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஓடு நேரே குப்பைக்குப் போகிறது. மூன்றாம் மாடியில் வேலி ஏது, கோழி ஏது என்று கேட்கலாம். தம்பி மனைவி தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். தன் தாய்வீட்டில் கீற்று முடைவதும் ஓட்டை அடுப்பெரிப்பதும் இன்றும் நடக்கிறது என்று சொன்னாள். நான் கிடுகு என்பது அவளுக்குக் கீற்று. இருக்கும். அந்தக் கிராமத்துக்கு நான் இன்னும் போகவில்லை.

எதிர்வீட்டு அம்மாவுக்கு நான் சொல்ல நினைத்தது தேங்காயைப் பற்றிக்கூட இல்லை. எங்களைக் காப்பாற்றியது பனை. ஆவணியில் பழம் விழத் தொடங்கும். விடியுமுன் எழும்பிப் போய்ப் பொறுக்குவோம், பிந்தினால் பக்கத்து வளவுப் பிள்ளைகள் முந்திவிடுவார்கள். பழத்தைச் சுட்டுச் சாப்பிடுவது ஒரு பக்கம். களியைப் பிழிந்து பாயில் ஊற்றி, காயக்காய மேலும் மேலும் ஊற்றி எடுப்பது பினாட்டு. பிழிந்து மிஞ்சிய விதையைப் பாத்தி கட்டிப் புதைப்பார்கள். தை மாதமளவில் கிண்டினால் கிழங்கு. பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவிட்டுக் கசப்பான கயரை எடுத்து, பிட்டு அவிப்போம், கூழ் காய்ச்சுவோம். கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சும் ஊமலை வெட்டினால் உள்ளே பூரான், அது பிள்ளைகளுக்கு. அதையும் எடுத்த பின் ஊமல் அடுப்புக்கு. ஒரு பழம் ஆவணியில் விழுந்து அடுத்த வைகாசி வரைக்கும் வீட்டுக்குள் வேறு வேறு பெயரில் நடமாடுகிறது. இதற்கெல்லாம் ஒரு சதமும் செலவில்லை, உழைப்பு மட்டும்தான்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். தூத்துக்குடிக் கருப்பட்டியின் பெயர் எங்கள் ஊர் வரை தெரியும். பொங்கல் நேரத்தில் திருச்சித் தெருவிலும் பனங்கிழங்குக் கட்டுகள் குவிந்து கிடக்கும். வாங்கி அவித்துத் தின்கிறார்கள், அத்தோடு சரி. ஒடியல் மாவைப் பற்றித் தம்பி மனைவி என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் வேறு கதையாக இருக்கலாம். ஆனால் தேத்தண்ணிக்குச் சீனி போடாமல், உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்துக் கடித்துக் கடித்து ஒரு கோப்பையை முடிக்கும் பழக்கத்தை நான் அங்கே எந்த வீட்டிலும் காணவில்லை. என் அம்மா ஒரு துண்டில் இரண்டு கோப்பை குடிப்பார். விருந்தாளிக்கும் அப்படித்தான், பனங்கட்டிக் குட்டானைத் திறந்து நடுவில் வைத்துவிடுவார்.

வெளிநாட்டுக் காசு என்றாரே, அது மனதைச் சுட்டது. வெளியிலிருந்து காசு வருவது எங்களுக்கு நேற்றுத் தொடங்கிய விஷயமா? ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவுக்கு ரயில்வேக்கும் கந்தோர்களுக்கும் வேலைக்குப் போனவர்கள் காசு அனுப்பினார்கள். கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தவர்கள் மாதம் பிறந்தால் மணியோடர் அனுப்பினார்கள். மணியோடர் பொருளாதாரம் என்றே யாழ்ப்பாணத்துக்குப் பெயர் வைத்தார்கள். வற்றாத ஆறு கிடையாது, அடியில் சுண்ணாம்புக்கல், மாரி மழை நிரப்பும் கிணறுதான் கதி. அப்படிப்பட்ட மண்ணில் இருந்த பெண்கள் வந்த காசைத் தின்று தீர்க்காமல் காணியாக்கினார்கள், பிள்ளைகளின் படிப்பாக்கினார்கள், நகையாக்கினார்கள். அந்த நகையும் காணியும் சீதனம் என்ற பெயரில் எங்கே போய்ச் சேர்ந்தன என்பதும் எனக்குத் தெரியும். பெண் பிறந்த நாளிலிருந்து தாய் தன் வாயைக் கட்டியது எல்லாம் இன்னொரு வீட்டின் அலுமாரிக்குப் போனது. எங்கள் சிக்கனத்தில் நான் புகழாத பகுதி அது.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியபோது தெற்கே பாணுக்கு வரிசையில் நின்றார்கள். எங்கள் தோட்டக்காரர் அந்த ஆண்டுகளில் மிளகாயும் வெங்காயமும் விற்றுக் கல்வீடு கட்டினார்கள். வீட்டுச் சட்டியில் மரவள்ளிக்கிழங்கும் குரக்கன் பிட்டும்தான். விற்க வேண்டியதை விற்று, மலிந்ததைத் தின்றார்கள்.

பிறகு வந்தது 1990. ஜூனில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, ஆண்டுக்கணக்கில் வரவில்லை. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தடையிலோ கட்டுப்பாட்டிலோ இருந்தன. வந்த கொஞ்சத்தின் விலையைச் சொன்னால் இன்று நம்ப மாட்டார்கள். அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு வீட்டுக்கு வீடு வந்தது. வெறும் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதில் கொஞ்சமாக மண்ணெண்ணெய், கம்பியில் சுற்றிய மெல்லிய திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்பதால் காற்றுக்கு அணையாது, எண்ணெயும் மெதுவாகத்தான் இறங்கும். அந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும். ஒழுங்கையே கூடி நின்று செய்தி கேட்கும். சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சவர்க்காரம் கிடைக்காத நாட்களில் பனம்பழத்தைத் தேய்த்து உடுப்புத் தோய்த்தோம். நுரையும் வரும், வாசமும் வரும், காய்ந்த பிறகு மாடு வந்து கொடியில் கிடக்கும் சட்டையைச் சப்பாமல் காவலிருக்க வேண்டும். அம்மா முன்வீட்டு மாமியிடம் நெருப்புத் தணல் வாங்கிவரச் சிரட்டையோடு என்னை அனுப்புவார், ஒரு நெருப்புக்குச்சி மிச்சம் என்று.

இதெல்லாம் பஞ்சத்தில் வந்தது, பழக்கத்தில் வந்ததல்ல என்று தம்பியே ஒருமுறை என்னோடு வாதாடினான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பஞ்சம் எல்லா ஊருக்கும் வரும். ஆனால் பினாட்டுத் தட்டும் ஒடியல் கடகமும் கத்தரி வற்றலும் மோர் மிளகாயும் வேப்பம்பூ வடகமும் முதலே வீட்டில் இருந்ததால்தான் நாங்கள் நின்றோம்.

இனித் தமிழ்நாட்டைச் சொல்ல வேண்டும். தம்பி மனைவி மாதம் பிறந்ததும் செய்யும் முதல் வேலை ரேஷன் கடை எப்போது எதைப் போடுகிறது என்று பார்ப்பது. நாங்கள் சின்ன வயதில் கூப்பன் கடை என்றது, சங்கக்கடை என்றது. அது எங்களிடம் மெலிந்து போயிற்று. 1979இல் உணவு முத்திரை வந்தது, பிறகு சமுர்த்தி உதவி, 2023இலிருந்து அஸ்வெசும உதவிப் பணம். அவர்களுக்கோ 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்.

"ரேஷன் புழுங்கலரிசி இட்லிக்கு நல்லா வரும் அண்ணி. கடை அரிசியைச் சோத்துக்கு வெச்சுக்குவோம்" என்றாள். ஒருதரம் அரைத்த மாவு முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிப்பு ஏறினால் வெங்காயம் போட்டு ஊத்தப்பம், கடைசிக் கரண்டி குழிப்பணியாரம். எங்கள் பிட்டு மிஞ்சினால் அடுத்த நேரம் தாளித்துச் சாப்பிடுவோம், அவ்வளவுதான். இந்த மாவுக் கணக்கில் அவர்கள் எங்களை வென்றார்கள் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்க வழிகாட்டியவர் கடலூர்ச் சின்னிகிருஷ்ணன் என்பார்கள். சின்னப் பாக்கெட் வாங்குவது வீண் என்று நான் சொல்ல, மில்லி கணக்குப் போட்டு, பெரிய போத்தலைவிட அதுவே மலிவு என்று தம்பி மனைவி காட்டிவிட்டாள்.

அவர்களது திறமை விலையில் இருக்கிறது. எப்போது வாங்குவது, எங்கே வாங்குவது, எதைக் கொடுத்து எதை எடுப்பது என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தெருவும் அரசும் வாசலுக்கு வரும் இடத்தில் அது சரியான சிக்கனம்தான். எங்களுக்குத் தெரு அடிக்கடி மூடியது, அரசு வாசலுக்கு வேறு வேலையாக வந்தது. ஆகவே நாங்கள் வீட்டை நிரப்பினோம். எது ஆழமானது என்று கேட்டால் எங்களுடையது என்றுதான் சொல்வேன்.

ஆனால் 2022இல் இலங்கைக்கு வந்த பொருளாதார நெருக்கடியை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது. எரிவாயு இல்லை, டீசல் இல்லை, பால்மா இல்லை. தமிழ்நாடு அரசு 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்தும் தருவதாக அறிவித்தது. மே மாதத்தில் முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அந்த அரிசியில் எங்கள் ஊரிலும் உலை வைத்தார்கள். எதிர்வீட்டு அம்மா அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்திராது, நன்றி மட்டும்தான் இருந்திருக்கும்.

காசுச் சேமிப்பில் இரண்டு கரையும் அதிகம் வேறுபடவில்லை. இரு பக்கத்துப் பெண்களும் சீட்டுக் கட்டுகிறார்கள். நாங்கள் நகையை அடைவு வைக்கிறோம், அவர்கள் அடகு வைக்கிறார்கள். எங்களுக்குச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம், அவர்களுக்குச் சிக்கன நாணயச் சங்கம். ஒன்றுதான் புதிதாகக் கண்டேன். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, கணவனுக்குத் தெரியாமல் அஞ்சறைப் பெட்டியிலோ அரிசிப் பானையிலோ பெண் சேர்க்கும் காசை அங்கே சிறுவாடு என்கிறார்கள். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அந்தச் சிறுவாடெல்லாம் வெளியே வரவேண்டி வந்தது. தன் மாமியார் ஒளித்து வைத்ததை எண்ணிப்பார்த்து வீடே வாயடைத்து நின்றதாக எதிர்வீட்டு அம்மா கண் கலங்கச் சொன்னார். அன்றைக்கு அவர் மேல் இருந்த கோபம் எனக்குப் போய்விட்டது.

இன்று என் ஒழுங்கையில் கிடுகு வேலி அருகிவிட்டது, வேலிக் கதியால் வெட்டி மதில் கட்டுகிறார்கள். ஒடியல் மா பக்கெட்டில் விற்கிறது, நாட்டில் இருப்பவர்கள் வாங்குவதைவிடக் கனடாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் அதிகம் வாங்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய சேலைகள் வீட்டுக்கு வீடு அலுமாரி நிறைய. முன்பென்றால் பழஞ்சேலை ஏணையாகும், திரைச்சீலையாகும், கடைசியில் கைபிடி துணியாகும். இப்போது ஏணை கட்டப் பிள்ளையும் இல்லை. திருச்சியில் பழைய புடவைக்குப் பாத்திரம் தருகிறவர் தலையில் கூடையோடு மாடி ஏறி வருவார். தம்பி மனைவி அரை மணிநேரம் பேரம் பேசி, ஐந்து புடவைக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த வியாபாரம் எங்கள் பக்கத்துக்கு வரவேண்டும். கொடிகாமத்திலோ சுன்னாகத்திலோ ஒருவர் தொடங்கினால் முதல் மூட்டை என் வீட்டிலிருந்து போகும். பேரம் பேசத் தம்பி மனைவியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வேன்.