அபிஷேகம்: ஒரு பார்வைப் பிரச்னை

அபிஷேகத்துக்கு அர்த்தம் கேட்டால் நம் ஊரில் உடனே ஒரு ஜாபிதா கிடைக்கிறது. பாலுக்கு நீண்ட ஆயுள், தேனுக்கு இனிய குரல், இப்படி. கோயில் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்துச் சிரிக்கிற பகுத்தறிவாளரும், சற்றுப் படித்தவராக இருந்து, ‘எல்லாம் குறியீடு ஸார்’ என்று சமாதானம் சொல்கிறவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். செயலை விட்டுவிட்டு அதன் பின்னால் எதையோ தேடுகிறார்கள். பொழிப்புரை எழுதியானதும் கவிதை தீர்ந்தது என்று புஸ்தகத்தை மூடிவிடும் தமிழ்ப் பண்டிதரின் மனசு இது.

செயலைப் பார்க்கலாம். எண்ணெய், மாப்பொடி, மஞ்சள், பஞ்சாமிர்தம், பால், தயிர், இளநீர், சந்தனம், விபூதி. ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர். வரிசை கோயிலுக்குக் கோயில் மாறும். எண்ணெய் பட்டதும் கல் கறுத்து, மூக்கும் உதடும் கூர்மைப்படுகின்றன. பாலில் விளிம்புகள் கரைகின்றன. சந்தனத்தில் வேறொரு முகம் வருகிறது, சற்றே வீங்கிய, தூக்கம் கலையாத முகம். விபூதியில் முகமே இல்லை. பிறகு ஒரு குடம் தண்ணீர். மறுபடி பழைய முகம். ஒரு மணி நேரத்துக்குள் உருவம் பலமுறை அழிகிறது, பலமுறை கிடைக்கிறது. எதிரே நிற்பவர்கள் கண் கொட்டாமல் காத்திருப்பது இந்தக் கிடைத்தலுக்காகத்தான். அர்த்தம் என்று ஒன்று இருந்தால் அது இங்கே, இந்த வரிசையில், கண்ணெதிரில் இருக்கிறது.

சிதம்பரத்தில் நடராஜருக்கு ஆண்டுக்கு ஆறே அபிஷேகம். மனிதரின் ஓராண்டு தேவர்களுக்கு ஒரு நாள், ஆகவே ஆறு கால பூஜை ஓராண்டாக விரிந்தது என்பது வழங்கிவரும் காரணம். தினசரி நனைவது ஸ்படிக லிங்கம். ஆனியிலும் மார்கழியிலும் மட்டும் நடராஜர் ஆயிரங்கால் மண்டபத்துக்கு வந்து, விடியுமுன் நனைகிறார். மற்ற நாட்களில் பட்டும் மாலையும் நகையும் அவரை மூடியிருக்கின்றன. ஸ்தபதி வடித்த தோளும் முதுகும் தொடையும், இடைத்துணி ஒன்றைத் தவிர மறைப்பில்லாமல், வெளியே தெரிவது அபிஷேகத்தின்போதுதான். சிற்பத்தைச் சிற்பமாகப் பார்க்கும் சந்தர்ப்பம் சடங்குக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது ஓடுகிற பாலுக்கு அடியில்தான் கிடைக்கிறது. நம் கலை விமர்சனமோ மியூசியத்தில் உலர்ந்த உடம்பைப் பார்த்து ஆரம்பித்தது. ரோடின் பார்த்தது அதைக்கூட அல்ல, மதராஸ் மியூசிய நடராஜரின் போட்டோக்களை. 1921-ல் வெளிவந்த அவர் கட்டுரையின் பரவசம் நிஜமானது. நாம் அதை வாங்கிக்கொண்டதோடு அவருடைய தூரத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டோம்.

தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர் 1011-ஐச் சேர்ந்தவர். சடைமகுடத்தின் ஒவ்வொரு சுற்றும் இன்றும் கூர்மை. காரணம், நெடுங்காலம் மண்ணுக்குள் கிடந்தார், யாரும் குளிப்பாட்டவில்லை. இடைவிடாமல் பூஜையில் இருந்த செப்புத்திருமேனிகளைப் பாருங்கள்: மூக்கு மழுங்கி, நகைவேலை தேய்ந்து, சிலவற்றில் அழிந்துபோன கண்ணைப் பிற்காலத்தில் உளியால் மறுபடி வெட்டியிருக்கிறார்கள். மியூசியக்காரர் இதைச் சேதம் என்பார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வார்த்தவன் முடித்த இடத்திலிருந்து எத்தனையோ தலைமுறைக் கைகள் அந்த முகத்தைத் தொடர்ந்து செய்திருக்கின்றன. (இந்த வாதத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு பழைய கோயில் சுவர்களுக்கு மணல்வீச்சு அடித்தவர்களை நான் ஆதரிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

நனைப்பது உருவத்தைத் தின்னும் என்பது சடங்குக்கே தெரியும். புரியில் ஜகந்நாதர் மரம். அன்றாடம் அவருக்கு எதிரே கண்ணாடி வைத்து, அதில் விழும் பிம்பத்துக்குத்தான் ஸ்நானம். ஆண்டுக்கொரு முறை, ஜ்யேஷ்ட பௌர்ணமியன்று, மேடைக்குக் கொண்டுவந்து அவருக்கும் பலபத்ரர், சுபத்ரை, சுதர்சனருக்குமாக 108 குடம். வர்ணம் கரைகிறது. உடனே கடவுளுக்கு ஜுரம் என்று சொல்லி, இரண்டு வாரம் யார் கண்ணிலும் படாமல் வைத்து, மூலிகை மருந்து கொடுத்து, வர்ணம் பூசி எழுப்புகிறார்கள். அபிஷேகத்தை வெறும் சுத்திகரிப்பு என்பவர்கள் இந்த ஜுரத்தை எங்கே வைப்பார்கள்? நனைவதால் நோவு காணும் உடம்பாக இருப்பதால்தான் நனைப்பது உறவாகிறது.

இனி இந்த வாதத்துக்கு எதிரே நிற்கும் ஒன்று, சிவபுரம். 1951-ல் பூமியிலிருந்து கிடைத்த சோழர் கால நடராஜரைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது போலி. வழிபாடு அதற்கு நடந்தது. கோயிலில் இருப்பது போலி என்று 1965-ல் எழுதியவர் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட். அசல் அமெரிக்காவில் நார்ட்டன் ஸைமன் கைக்குப் போய், 1986-ல்தான் இந்தியாவுக்குத் திரும்பியது. ஆக, தொட்டு நனைத்த கை ஏமாந்தது, தூரத்துக் கண் கண்டுபிடித்தது. மண்ணிலிருந்து வந்து சில ஆண்டுகளே ஆன உருவம், கைக்குப் பழகப் போதிய காலம் கிடைக்கவில்லை என்று நான் பதில் சொல்லலாம், சொல்லவும் செய்வேன். ஆனாலும் பாரெட்டின் கண்ணுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் போலியின் முன் நின்றவர்கள் கண்டது என்ன என்று மட்டும் அந்தக் கண்ணால் சொல்ல முடியாது. போலியும் நனைந்தபோது பளபளத்திருக்கும்.