பனியும் போதகரும்

1838-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி, ஹார்வர்டு வேதசாஸ்திரப் பள்ளியில் தேர்ச்சி பெற்று வெளியேறவிருந்த மாணவர்க்கு ரால்ப் வால்டோ எமர்சன் ஆற்றிய உபந்நியாசம், சமய விமர்சனங்களுள் தலைசிறந்ததென்பது நம் அபிப்பிராயம். திரித்துவத்தை மறுத்துப் பகுத்தறிவை ஏற்ற யூனிடேரியன் கூட்டத்தார் நடுவே அவர் பேசினார். அத்தகைய தாராள நோக்குடைய சபைகளிலும் வழிபாடு உயிரற்றுப் போயிற்றென்று இடித்துரைத்தார்.

அவர் காட்டும் சான்றொன்று நம் நெஞ்சைவிட்டு அகலாது. வெளியே பனி பெய்கிறது. உள்ளே போதகர் பேசுகிறார். பனி மெய்யாகத் தோன்றுகிறது. போதகரோ நிழலாகத் தோன்றுகிறார். அம்மனிதர் அழுதவரா, அன்பு கொண்டவரா என்பதற்கு அவர் பேச்சில் ஓர் அடையாளமுமில்லை. மூடவழக்கத்தைக் களைந்தால் மட்டும் போதாது. வாழ்ந்தறிந்ததைச் சொல்லவும் வேண்டும் என்பதே இதன் கருத்து. சொன்னவர் வெறும் வாய்ச்சொல் வீரரல்லர். இராப்போசனச் சடங்கை மனச்சாட்சிப்படி நடத்த இயலாதென்று 1832-ல் தம் போதகப் பதவியையே துறந்தவர்.

எனினும் குறையொன்றுண்டு. அதே 1838 ஏப்ரலில், செரோக்கி மக்களை அவர்தம் நிலத்தினின்று விரட்டுவதைக் கண்டித்து அமெரிக்கத் தலைவருக்கு அவர் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஜூலை உபந்நியாசத்திலோ அவ்வநீதியின் பெயரேயில்லை. உள்ளத்தின் குரலைக் கேளுங்கள் என்றவர், அக்குரல் நம்மை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்குத் தம் கடிதத்தையே காட்டியிருக்கலாமே!

தோட்டத்துச் சங்க மேடைகளில் நாமும் சீர்திருத்தம் பேசுகிறோம். கேட்போர் வெளியே பெய்யும் மழையைப் பார்க்கத் தொடங்கினால், குற்றம் அவர்களுடையதன்று.