துடுக்குக் கந்தன்

புராணப் படம் என்றாலே கைகூப்பிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது சிலருடைய எண்ணம். ஏ. பி. நாகராஜன் 1967-இல் எடுத்த ‘கந்தன் கருணை’யை அப்படிப் பார்த்தால் பாதிச் சுவை போயிற்று. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் கெலமங்கலத்தில், எந்த மொழி பேசும் வீட்டிலும் ஒரு துடுக்குப் பிள்ளை உண்டு. பிரணவத்தின் பொருள் அறியாத பிரமனைச் சிறையில் தள்ளிவிட்டுத் தகப்பனுக்கே பாடம் சொல்லும் பாலகன் அந்த ஜாதிதான். சிரித்தால் அபசாரமா? குமரகுருபரர் முத்துக்குமாரசுவாமிக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய மொழி ஐயா இது! தேசிய விருது பெற்ற கே. வி. மகாதேவனின் இசையும் குறும்புக்கும் பக்திக்கும் நடுவே சுவர் எழுப்பவில்லை. சூரனோடு போர் மூண்டதும் வசனம் இடியாய் முழங்கத் தொடங்கிவிடுகிறது. சிவகுமார் அழகான முருகன்தான். ஆனாலும், அந்தச் சிறுவன் அதற்குள் வளர்ந்துவிட்டானே என்றிருந்தது எனக்கு.