தீர்ப்புகளை நம்பிய இயக்கம்

திகார் சிறைக் கைதிகளுக்கு ஆணுறை வழங்கச் சிறை நிர்வாகம் மறுத்ததை எதிர்த்து, 1994இல் எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன் என்ற அமைப்பு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தன்பாலுறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் கொடுத்த, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை எதிர்த்த முதல் வழக்கு அது. அன்று முதல் இந்தியத் தன்பாலீர்ப்பாளர் இயக்கம் பெரிதும் நம்பியது நீதிமன்றங்களைத்தான்.

வேறு வழியும் இருக்கவில்லை. 2015 டிசம்பரில் இப்பிரிவைத் திருத்த சசி தரூர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதை அறிமுகம் செய்யவே மக்களவை அனுமதிக்கவில்லை. எதிர்ப்பு 71, ஆதரவு 24. தேர்தல் முடிவை மாற்றும் அளவுக்கு வாக்கு பலம் இல்லாதவர்களுக்காகக் கட்சிகள் வாய் திறப்பது அரிது.

ஆனால் நீதிபதிகள் கொடுத்ததை நீதிபதிகளே பறிக்கவும் முடியும். நாஸ் பவுண்டேஷன் வழக்கில் 2009 ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் தந்த விடுதலையை, 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பாதிக்கப்படுவோர் மிகச் சிலரே என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. அடிப்படை உரிமைக்குத் தலை எண்ணிய அந்தத் தீர்ப்பு, நம் நீதி வரலாற்றின் பெரும் சறுக்கல். அதைச் சரிசெய்ய 2018 செப்டம்பர் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இம்மக்களிடம் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்று அன்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார்.

குற்றம் நீங்கியது, குடும்பம் அமையவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று, திருமண உரிமையை நாடாளுமன்றம்தான் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. தைவானின் அரசமைப்பு நீதிமன்றமோ 2017இல் இரண்டு ஆண்டுக் கெடு விதித்தது. இடையில் 2018இல் நடந்த பொதுவாக்கெடுப்பு எதிராக அமைந்தும், 2019 மே மாதம் அங்கே சட்டம் வந்துவிட்டது.

நீதிமன்ற வழியின் சிறந்த முகத்தைச் சென்னை காட்டியது. பெற்றோரின் எதிர்ப்புக்கும் காவல்துறையின் தொந்தரவுக்கும் அஞ்சி, மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். தமக்கு இது பற்றிய புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொன்ன நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். 2021 ஜூன் 7 அன்று, பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். வழக்கை அத்துடன் மூடிவிடாமல் அடுத்தடுத்து உத்தரவுகள் பிறப்பித்தார். அதனால்தான் இம்மக்களைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று தமிழக அரசு 2022இல் காவலர் நடத்தை விதிகளையே திருத்தியது.

இருந்தும், 2025இல் வேறொரு பெண் பெற்றோர் பிடியிலிருந்து மீள, அவருடைய தோழி ஆட்கொணர்வு மனு போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு இணையும் வழக்கறிஞரைத் தேடித்தான் வாழ முடியும் என்றால், அந்த உரிமை பாதிதான் கிடைத்திருக்கிறது. வசதியும் துணிவும் இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை.

இப்படிச் சேர்ந்து வாழ்வோர் குடும்ப உறவுப் பத்திரம் பதிவு செய்ய வழி காணலாம் என்று ஆனந்த் வெங்கடேஷ் 2023 நவம்பரில் யோசனை சொன்னார். 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது நம் சட்டமன்றம். இந்தப் பதிவுக்கான சட்டத்தையும் அது இயற்ற வேண்டும்.