ஆனந்தரங்கர் ஏட்டில் திருச்சபையின் முகம்

திருச்சபை வரலாற்றை நாம் பெரும்பாலும் அருட்பணியாளர்கள் தம் தாய்நாட்டிற்கு எழுதிய கடிதங்களிலிருந்தே கற்கிறோம், கற்பித்தும் வருகிறோம். அக்கடிதங்கள் பொருளுதவி செய்வோரின் கண்களை எதிர்நோக்கி எழுதப்பட்டவை. அடுத்த வீட்டார் நம்மை எவ்வாறு கண்டனர் என்பதை அவை கூறா. அதைக் கூறும் கையெழுத்து ஏடு ஒன்று தமிழிலேயே இருந்தும், நம் இறையியல் மாணவர் பலர் அதைத் திறந்து பார்த்ததில்லை. புதுவை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையே குறிப்பிடுகிறேன்.

பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். புதுவையில் பிரெஞ்சுக் கும்பனியாரின் வணிகத்திலும் பின்னர்த் துய்ப்ளெக்சின் துபாசியாகவும் வாழ்ந்தவர். 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கிய குறிப்பு, அவர் மறைந்த 1761 ஜனவரி வரை நீள்கிறது. அம்மாதத்திலேயே புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று. புலவர்கள் நாடி வந்த வீடு அது. ‘ஆனந்தரங்கன் கோவை’யும் வடமொழியில் ‘ஆனந்தரங்க விஜய சம்பு’வும் அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு எழுந்தவை. அவர் குடும்பத்தில் பின்வந்தோரும் நாட்குறிப்பு எழுதினர். 1846இல் கல்லுவா மொம்பிரேன் என்பவரால் இவ்வேடுகள் வெளியுலகிற்குத் தெரியவந்தன. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. மூலத் தமிழ் அச்சேறுவதற்கு அதன்பின் இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

புலவர் சூழ வாழ்ந்த அவர், தாம் எழுதும்போது புலமையை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறார். அவருடைய நடை கணக்குப் பிள்ளையின் நடை. தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை எல்லாம் ஒழுங்காக வரும். பிறகு ‘முசே’, ‘குவர்னதோர்’, ‘கும்பனீர்’ என்று பிறமொழிச் சொற்கள் பேச்சுத் தமிழோடு கைகோத்து வரும். இலக்கணம் பார்ப்போர்க்கு இது எரிச்சலூட்டலாம். அக்காலத்தில் வாழ்ந்த வீரமாமுனிவரின் செப்பமான உரைநடைக்கு அருகில் இதை வைத்தால் கரடுமுரடாகவே தோன்றும். ஆயினும் 18ஆம் நூற்றாண்டுத் தமிழர் வீட்டுத் திண்ணையில் எவ்வாறு பேசினர் என்று அறிய விரும்பும் பிரசங்கியார் இவ்வேட்டையே நாட வேண்டும். பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களை இவ்வூற்றிலிருந்து இறைத்தது வியப்பன்று.

நமக்கு முதன்மையானது 1745 அக்டோபரில் வரும் ஒரு பதிவு. குரோதன வருடம் அது. புதுவைக் கிறிஸ்தவக் கோயிலுக்குள் பறையர் கிறிஸ்தவர்களைப் பிறரிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. அம்மக்கள் குருவிடம் சென்று, தாங்களும் சீடர்கள்தாமே, இந்த வேற்றுமை ஏன் என்று முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. அதன்பின், கனகராய முதலியார் குடும்பத்துப் பெண் ஒருவர் தம் குல வழக்கப்படி நகையும் வாசனையும் அணிந்து கோயிலுக்கு வர, குரு அவரைக் கடிந்துகொண்டார். உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கூடிப் பேசிக் கோயிலைப் புறக்கணிக்கத் துணிந்தனர்.

முந்தின ஆண்டு, 1744இல், பதினான்காம் பெனடிக்ட் பாப்பு மலபார்ச் சடங்குகள் பற்றிய ஆணையைப் பிறப்பித்திருந்தார். நோயுற்ற பறையர் வீட்டிற்குள் குருமார் சென்று அருட்சாதனம் வழங்குவதும் அதில் அடங்கிய வழக்கே. அப்பின்னணியைப் பிள்ளை எழுதவில்லை. அவர் கண்டது தெருவின் பரபரப்பு மட்டுமே. சுவர் இடிந்ததில் அவருக்கு மகிழ்ச்சியும் இல்லை. அவர் குலவழக்கை மதிப்பவர். அதனாலேயே இச்சாட்சியை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒடுக்கப்பட்டோர்க்குப் பரிந்து பேச எண்ணாத ஒருவர் கையாலேயே அவர்களுடைய கேள்வி எழுதப்பட்டு நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கேட்டவர்களின் பெயர்களை அவர் எழுதவில்லை என்பது வேறு.

அவர் நடுநிலையாளர் என்று எவரும் மயங்க வேண்டாம். அவருடைய மாமன் நைனியப்பப் பிள்ளை, சேசு சபையார் தூண்டுதலும் சேர்ந்த வழக்கில் தண்டிக்கப்பட்டு 1717இல் சிறையில் இறந்தார். நைனியப்பரின் மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சுக்குச் சென்று ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். துபாசிப் பதவிக்குக் கிறிஸ்தவர் ஒருவரே வேண்டும் என்ற நெருக்குதலைப் பிள்ளையும் தாங்கினார். இத்தகையவர் குருமாரைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியையும் எடைபோட்டே ஏற்க வேண்டும். தம் பெருமையைச் சொல்லவும் அவர் தயங்குவதில்லை. சில பக்கங்கள் அலுப்பூட்டுகின்றன.

எனினும் 1748 செப்டம்பரில் அவர் எழுதியதை வெறும் பகைமை என்று தள்ள என்னால் இயலவில்லை. ஆங்கிலேயர் முற்றுகையின் நடுவே வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. கேர்து சுவாமியார் இலிங்கத்தைக் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார் என்கிறது ஏடு. சமஸ்கிருதத்திற்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவைப் பின்னாளில் கண்டு எழுதி மொழியியலாரின் மதிப்பைப் பெற்றவரும் இவரே. நம் பாடநூல்கள் அந்த அறிஞரையே அறிமுகப்படுத்துகின்றன.

இப்பகுதிகளை மதுரையில் வகுப்பில் வாசித்தபோது, இது கத்தோலிக்கர் கதையல்லவா என்றார் ஒரு மாணவர். மதுரை அமெரிக்க மிஷன் 1847இல் சாதியைக் கைவிடாதோரைச் சபை ஐக்கியத்தில் வைப்பதில்லை எனத் தீர்மானித்தபோது விலகிச் சென்றவர்களில் உபதேசிமாரும் இருந்தனர் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, தம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் இருப்பதாகச் சொன்னார்.

அன்று நாங்கள் வாசித்தது ஆங்கில மொழிபெயர்ப்பையே. தமிழர் தமிழில் எழுதியதைத் தமிழ் மாணவர்க்கு ஆங்கிலத்தில் காட்டி, மீண்டும் தமிழில் விளக்க நேர்ந்தது எனக்கு வெட்கமாயிருந்தது. அந்த மொழிபெயர்ப்பு துரைத்தனத்தார் கோப்பைப்போல் நேர்த்தியானது. சுவரடியில் நின்று கேட்டவர்களின் குரல் அதில் சீமை உடை உடுத்திக்கொள்கிறது. வரும் பருவத்திற்குத் தமிழ்த் தொகுதிகளை நூலகத்தில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.